பல உரிமையாளர்கள் உள்ள கட்டடத்துக்கு வெண்டர் அனுமதி மென்பொருள்: பயன்படுத்திப் பார்த்ததில்

கிண்டியில் ஆறு மாடி வணிகக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பு என் பொறுப்பு. மாடிக்கு ஓர் உரிமையாளர். லிஃப்ட், ஜெனரேட்டர், தீயணைப்பு பம்ப், எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்), மொட்டைமாடி எல்லாம் பொது. இந்த மாதிரி இடத்தில் ரிப்பேரைவிடப் பெரிய தலைவலி, யாரை எதுவரை உள்ளே விடுவது என்பதுதான். ஒரே ஏசி கம்பெனி இரண்டாம் மாடி வங்கிக்கும் வரும், நாலாம் மாடி ஐடி அலுவலகத்துக்கும் வரும். இரண்டு பேருடைய அவுட்டோர் யூனிட்டும் மொட்டைமாடியில்தான். கேட் ரிஜிஸ்டரில் ‘ஏசி சர்வீஸ்’ என்று ஒரு வரி இருக்கும். கூப்பிட்டது யார், மொட்டைமாடிச் சாவி யார் கைக்குப் போனது, எதுவும் தெரியாது.

அதனால்தான் வெண்டர்களுக்கு, அதாவது வேலைக்கு வரும் வெளி கம்பெனிகளுக்கு, அனுமதி தரும் இந்தப் பராமரிப்பு மென்பொருளுக்குச் சந்தா கட்டினோம். எந்த கம்பெனியிடம் வாங்கினாலும் பார்க்க வேண்டியவை இவைதான் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. கட்டடம், மாடி, அறை என்று பிரித்துப் பதிவு செய்துவிட்டு, பொது அறைகளை மட்டும் தனியாகக் குறித்து வைக்கலாம். நாலாம் மாடிக்காரர் தன் ஏசிக்கு ஒர்க் ஆர்டர் போடுகிறார், வேலை மொட்டைமாடியில் என்றால் அது தானாகவே என் ஒப்புதலுக்கு வந்து நிற்கும். நான் சரி சொன்னபிறகுதான் டெக்னீஷியன் போனுக்கு க்யூஆர் போகும். அதுவும் அன்றைக்கு, அந்த நேரத்துக்கு மட்டும். செக்யூரிட்டி அதை ஸ்கேன் செய்துவிட்டுத்தான் சாவியை எடுப்பார். “மேடம், வழக்கமா வர்றவர்தான், விட்டுடவா?” என்று இரவில் வரும் போன் நின்றுவிட்டது.

எஸ்டிபி விஷயத்தில் இதன் அருமை இன்னும் அதிகம். உரிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளைக் கழிவுத்தொட்டி சுத்தம் செய்ய இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் கான்ட்ராக்டர் தன் ஆளை விட்டுவிட்டு, சப்-கான்ட்ராக்டர் வழியாக யாரோ ஒரு பையனை அனுப்பிவிடுவார். அவனுக்கு அந்தத் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு தேங்கி நிற்கும் என்பதுகூடத் தெரிந்திருக்காது. இப்போது பயிற்சிச் சான்றிதழ் ஏற்றப்பட்ட பெயருக்கு மட்டும்தான் எஸ்டிபி அறை திறக்கும். வாயு மீட்டர் ரீடிங்கைப் படமெடுத்துப் போடாமல் ஒர்க் பெர்மிட் நகராது. இந்த ஒரு வசதிக்காகவே சந்தாப் பணம் தகும் என்பேன்.

குறைகளும் உண்டு. வெண்டரைக் கட்டட அளவில் சேர்த்தால், எல்லா மாடி அனுமதியும் அவருக்குச் சேர்ந்தே போய்விடுகிறது. பூச்சி மருந்து அடிக்க வருபவரின் திரையில் வங்கியின் சர்வர் ரூம் புகாரும் அதனுடன் ஏற்றிய போட்டோக்களும் தெரிந்தன. வங்கி மேலாளர் கோபப்பட்டது நியாயம்தான். ஒவ்வொரு மாடியாகப் போய் அனுமதியைக் கழற்ற வேண்டியிருந்தது. முதலில் எல்லாம் மூடியிருந்து, தேவையானதை மட்டும் திறக்கும்படி இருக்க வேண்டாமா?

இன்னொன்று, ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடியும் தேதியில் அனுமதியும் தானாகவே ரத்தாகிறது. நல்லதுதான். ஆனால் லிஃப்ட் ஏஎம்சி புதுப்பிப்புக் கடிதம் கையெழுத்தாகித் திரும்புவதற்குள் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஆள் இருக்கிறார், மெக்கானிக் கேட்டில் நிற்கிறார், ஆப் சிவப்பு காட்டுகிறது. செக்யூரிட்டி அண்ணா சமயோசிதமாக உள்ளே விட்டார், அவரைப் பாராட்டினேன். அவசர வேலைக்குத் தனி வழி வேண்டும் என்று கேட்டபிறகு, மேலாளர் ஓடிபி கொடுத்தால் கதவு திறக்கும் வசதியைச் சேர்த்தார்கள். உடனே செய்து கொடுத்ததற்கு நன்றி.

இரண்டாம் பேஸ்மென்ட்டில் சிக்னல் வராது. பம்ப் ரூமில் வேலை முடிந்து மேலே வந்தால்தான் ‘வெளியேறினார்’ என்று பதிவாகிறது. யாராவது மறந்து போய்விட்டால், இரவு முழுக்க ஓர் ஆள் பம்ப் ரூமிலேயே இருப்பதாகக் காட்டும். தீ விபத்து நேரத்தில் அந்தப் பட்டியலை வைத்துத்தானே ஆளைத் தேடுவார்கள்! இதை இன்னும் சரி செய்யவில்லை. டெக்னீஷியன் திரையில் தமிழும் இல்லை, இந்தியும் இல்லை.

மாடிக்கு மாடி உரிமையாளர் வேறு என்றால் தாராளமாக வாங்கலாம். டெமோவைக் கான்ஃபரன்ஸ் ரூமில் பார்க்காதீர்கள். விற்பனையாளரை அடி பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிப் போய், ஒரு வெண்டர் லாகினில் நுழைந்து, அடுத்த மாடிக்காரரின் புகார் தெரிகிறதா என்று அங்கேயே காட்டச் சொல்லுங்கள்.