காரைக்குடி பழைய மரக்கிடங்கில் வாங்கிக் கட்டிய கார் ஷெட்

அப்பா டாக்ஸியாக ஓட்டிய 1984 மார்க் 4 அம்பாசடர், பதினோரு வருடம் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. பஸ் டெப்போவில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக அதற்கு ஒரு ஷெட், கூடவே எனக்கு ஒரு பட்டறை கட்டத் தொடங்கினேன். தகரக் கொட்டகை வேண்டவே வேண்டாம் என்று இருந்தேன். புதுக்கோட்டை வெயிலில், மே மாதம் தகரத்துக்குக் கீழே ஸ்பேனரைக் கையில் எடுக்க முடியாது. செம்புராங்கல் சுவர், ஓட்டுக் கூரை, தேக்குக் கதவு என்று தாத்தா வீட்டில் வில்வண்டி நின்ற கொட்டகை போலவே வேண்டும்.

மரத்துக்குக் காரைக்குடி போனேன். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தூண், விளக்கு, பீங்கான் எல்லாம் அழகாக இருக்கும். ஆனால் கூரை போடும் அளவுக்கு மரம் வேண்டுமென்றால், இடித்த வீடுகளின் மரத்தை மொத்தமாக எடுத்துப் போட்டிருக்கும் ஊர்ப்புறக் கிடங்குகளுக்குத்தான் போக வேண்டும். நான் வாங்கிய கிடங்கின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு குறையும் எழுதப் போகிறேன், அதை அவர்கள் பாதிக்கு மேல் சரிசெய்தும் விட்டார்கள்.

மரம் அருமை. பர்மா தேக்கு, மூன்றுக்கு நாலு அங்குலக் கைமரம், பதினோரு அடி நீளத்தில் 28. கன அடி 3,800 ரூபாய்க்குப் பேசினோம். இந்தக் கனத்தில் பன்னிரண்டு அடி ஓடினால் சரியாக ஒரு கன அடி; இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் நின்றபடியே கணக்குப் போட்டுவிடலாம். அளக்கும்போது சுவருக்குள் இருந்து உளுத்துப்போன நுனியையும் சேர்த்தே டேப் பிடித்தார்கள். "தம்பி, அந்த நுனி எனக்கு விறகுக்குக்கூட ஆகாது" என்றேன். "சரிங்கய்யா, கழிச்சிக்கலாம்" என்று உடனே ஒத்துக்கொண்டார் அந்தப் பையன். கேட்டால் கழிக்கிறார்கள், கேட்காவிட்டால் இல்லை.

குறை இதுதான். வீட்டுக்கு வந்து ஆசாரி இழைப்புளி போட்டதும் ஐந்து மரத்தில் தேக்கு வாசனையே வரவில்லை. பழைய கறுப்பு வார்னிஷுக்குக் கீழே இருந்தது கோங்கு என்ற வேறு மரம். போன் செய்தேன். சண்டை போடாமல் நாலுக்குத் தேக்கு மாற்றிக் கொடுத்தார்கள், ஒன்றுக்குப் பணம் திருப்பித் தந்தார்கள். ஆனால் வண்டி வாடகை 2,500 என் தலையில்தான் விழுந்தது. தவறு அவர்களுடையது; வாடகையையும் அவர்கள்தான் ஏற்றிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆசாரியை முதல் நாளே கூட்டிப் போயிருந்தால் அங்கேயே ஓரத்தைச் சுரண்டிப் பார்த்திருப்பார்.

கதவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசை. வீட்டுக் கதவு எதுவும் காருக்குக் காணாது. கார் அகலமே ஐந்தரை அடி, இரண்டு பக்கமும் கண்ணாடி, அப்புறம் ஆள் நுழைய இடம். கிடங்கின் மூலையில் ஏதோ அரிசி ஆலைக் கிட்டங்கியில் இருந்து வந்த இரட்டைக் கதவு சாய்ந்து கிடந்தது. இரண்டும் சேர்ந்து எட்டரை அடி, இரண்டு அங்குலப் பலகை. ஒன்றொன்றும் நூறு கிலோவுக்குக் குறையாது. கீல் கிடையாது; கதவின் ஓரத்தில் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கிற முளையில், அதாவது குடுமியில், சுழல்கிற பழைய பாணி. குடுமி உட்காரக் கீழ்நிலை, அதாவது வாசற்படிக் கட்டை, வேண்டும், கீழ்நிலை வைத்தால் கார் ஏறாது. இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் இரண்டு கருங்கல்லில் குழி வெட்டி, தரை மட்டத்துக்குப் பதித்து, லாரி வீலில் இருந்து கழற்றிய பழைய டேப்பர் ரோலர் பேரிங்கைக் குழிக்குள் உட்கார வைத்து, கிரீஸ் நிரப்பி, அதன்மேல் குடுமிக்கு இரும்புப் பூண் போட்டு நிறுத்தினேன். இப்போது என் ஏழு வயதுப் பேத்தி ஒரு கையால் தள்ளினாலும் கதவு சத்தமில்லாமல் திறக்கிறது. அப்பா பார்த்திருக்க வேண்டும்.

கூரை ஓடு வாங்கியதும் அதே கிடங்கில்தான். 750 மங்களூர் ஓடு, ஒன்று 18 ரூபாய். சில ஓடுகளில், ஓட்டு ஆலை நடத்திய பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனின் முத்திரையும் 1865 என்ற ஆண்டும் இருந்தன. "அந்த வருஷத்து ஓடுங்கய்யா" என்றார்கள். அது மங்களூரில் அந்த ஆலை தொடங்கிய ஆண்டு, ஓடு சுட்ட ஆண்டு அல்ல. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். சுண்டிப் பார்த்துக் கணீரென்றால் எடுங்கள். முக்கியமாக, ஒரே ஆலை முத்திரை உள்ளதாகப் பொறுக்குங்கள். வேறு வேறு ஆலை ஓடுகளின் காடி, அதாவது ஓட்டோடு ஓடு கோத்துக்கொள்கிற பள்ளம், ஒன்றோடொன்று பொருந்தாது. நான் ஒரு வரிசையில் கலந்துவிட்டேன், ஐப்பசி மழையில் அங்கேதான் ஒழுகியது.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கலாம் என்றார் வீட்டம்மா. கண்ணாடிமேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற சிமென்ட் கல் அது, சூளையில் சுடுவதில்லை. ஆயில் சிந்தினால் குடித்துக்கொள்ளும். அதனால் வாசலில் உட்காருகிற திண்ணைக்கு மட்டும் அதைப் போட்டோம், கார் நிற்கிற இடத்தில் கருங்கல் பலகை. மரம் முழுக்க ஆதனக்கோட்டைப் பக்கம் வாங்கிய முந்திரிக்கொட்டை மேலோட்டு எண்ணெய் இரண்டு கை பூசினேன், கரையான் அண்டவில்லை. கையுறை இல்லாமல் அதைத் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

மரத்துக்கும் கதவுக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். அளவைக்கும் தரம் பிரித்துச் சொல்வதற்கும் மூன்று. பட்டறைப் பக்கம் ஒரு ஜன்னல் பாக்கி இருக்கிறது. தை பிறந்ததும் அதே கிடங்குக்குப் போகிறேன், இந்தத் தடவை ஆசாரியோடு.