கட்டுரைப் பயிற்சி ஏடு: மாணவர் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கட்டம் போட்டுத் தரும் பயிற்சி ஏடுகள் தொடங்கும் தயக்கத்தைப் போக்கும், அதுவரை சரி. சிக்கல் குறிப்புச்சட்டகத்தில். ‘மழையின் பயன்கள்’ என்ற தலைப்போடு ஐந்து துணைத்தலைப்புகளையும் கொடுத்துவிட்டால், மாணவருக்கு மிஞ்சுவது இட்டு நிரப்பும் வேலைதான். ‘மழையில் உன் செருப்பு என்ன ஆனது?’ என்று கேட்டால் தானாக எழுதுவார்கள்.

திருத்தும் பகுதி இன்னும் மோசம். ‘பள்ளிக்கு சென்றான்’ என்பதற்குச் சிவப்பு வட்டம் உண்டு. ‘கு’ உருபுக்குப் பின் வல்லினம் மிகும், ஆகவே ‘பள்ளிக்குச் சென்றான்’ என்ற காரணம் இல்லை. அதே பிழை அடுத்த கட்டுரையிலும் வரும். திருத்தி எழுத இடமும் கிடையாது. அதற்குச் சாதாரண நோட்டே மேல்: வலப்பக்கத்தில் முதல் வரைவு, ஒரு தடவைக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் குறித்தல், இடப்பக்கத்தில் மறுவரைவு.