கேள்விக்கேற்ப மாறும் நுழைவுச்சீட்டு விலை: ஒரு பாவனையாளரின் மதிப்பீடு

ரொறன்ரோவிலுள்ள மகளிடம் செல்லும்போது பேஸ்போல் ஆட்டமொன்றைப் பார்ப்பதற்காக, யாழ்ப்பாணத்திலிருந்தே ஓர் இணையத்தளத்தின் வழியாக நுழைவுச்சீட்டு வாங்கினேன். ஆசன வரைபடம் தெளிவானது. பணம் செலுத்துவதும் இலகு. குறை முழுவதும் விலையில்தான் இருக்கிறது.

எதிரணி, கிழமை, பந்து வீசுபவர், வானிலை, எஞ்சிய ஆசனங்கள் முதலியவற்றைக் கணித்து விலையை நாளுக்கு நாள் மாற்றும் இம்முறையை, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்போல் அணி 2009இல் சில ஆசனங்களுக்கு மட்டும் பரீட்சித்து, 2010இல் மைதானம் முழுவதற்கும் விரிவாக்கியது. கேள்வி, அதாவது வாங்க விரும்புவோர் தொகை, குறைந்த வார நாள் ஆட்டங்களுக்கு விலை இறங்கவும் கூடும் என்பதால் இதனை முற்றாகத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால், விசா முடிவுக்காக நாங்கள் காத்திருந்த இடைவெளியில் நான் பார்த்து வைத்த பகுதியின் விலை கணிசமாக ஏறியிருந்தபோதும், அது ஏன் ஏறியது, இன்னும் எவ்வளவு ஏறலாம் என்பது பற்றி அத்தளத்தில் ஒரு வரிகூட இருக்கவில்லை; சேவைக் கட்டணமும் கடைசிப் பக்கத்தில்தான் தெரிந்தது. கனடிய டொலரை ரூபாவாக மாற்றிக் கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு இது பெரும் அநீதி.

உச்ச விலையையும் முந்தைய நாட்களின் விலையையும் வரைபடத்தின் அருகிலேயே காட்டினால் இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். இப்போதைக்கு, பயணத் திகதி உறுதியானவர்கள் மட்டும், அதுவும் வார நாள் ஆட்டங்களுக்கு, இதனைப் பயன்படுத்தலாம்.