சுழன்ற டை, வெட்டுப்பட்ட ஓரம், விலகிய மையம்: எந்த எரர் காசுக்குப் பணம் போடலாம்?

கையில் உள்ள பணத்துக்கு, தயாரிப்பில் தவறு நேர்ந்த எரர் காசு ஒன்றே ஒன்றுதான் வாங்கலாம் என்றால், நான் மையம் விலகியதைத்தான் எடுப்பேன். மற்ற இரண்டும் மட்டம் என்பதால் அல்ல.

டை என்பது காசில் படத்தைப் பதிக்கும் அச்சு. அது சுழன்ற காசைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. ரூபாய்க் காசைச் சிங்க முகம் நிமிர்ந்திருக்கப் பிடித்து, புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல் திருப்புங்கள். மறுபக்கமும் நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் அடிக்கும்போது ஒரு டை இடம் மாறியிருக்கிறது. வெளியே இதைப் போலியாகச் செய்வது கடினம், அது பெரிய பலம். ஆனால் அந்த டையைச் சரிசெய்யும் வரை அடித்த காசெல்லாம் அதே சாய்வில்தான் வரும். பத்துப் பதினைந்து டிகிரிக்குக் கூடுதல் விலை தர வேண்டாம். 90, 180 டிகிரி என்றால் பேசலாம்.

ஓரம் வெட்டுப்பட்டதில்தான் ஏமாற்று அதிகம். நானும் ஒரு கண்காட்சியில் ஏமாந்தேன்: பழைய ஸ்டீல் ஒரு ரூபாய், ஓரத்தில் அழகான பிறை. வீட்டுக்கு வந்து பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், வெட்டின் விளிம்பில் அரம் உராய்ந்த கோடுகள்!

தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டும் பஞ்ச், ஏற்கெனவே துளைத்த இடத்தின் மேல் மறுபடி விழுவதால் வருவது நிஜமான வெட்டு. அந்தக் குறை வில்லையில் விளிம்பு எழுப்பும்போதே இருப்பதால், வெட்டுக்கு நேர் எதிரே அழுத்தம் குறைந்து, அங்கே விளிம்பு மங்கிப்போயிருக்கும். வெட்டை ஒட்டிய எழுத்துகளும் அந்தப் பக்கமாக இழுபட்டுத் தேய்ந்திருக்கும். நான் வாங்கியதில் எதிர் விளிம்பு கத்திபோல் முழுசாக இருந்தது, எழுத்து பாதியில் அறுந்திருந்தது. முதலில் எதிர்ப்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மையம் விலகிய காசு, வில்லை டைக்கு நேராக உட்காராததால் வருவது. ஒரு ஓரத்தில் வெறுமையான பிறை, எதிர் ஓரத்தில் படம் வெளியே ஓடியிருக்கும். உலோகம் எதுவும் குறையவில்லை என்பதால் எடை சரியாக வர வேண்டும். 1992 முதல் 2010 வரை வந்த ஸ்டீல் ஒரு ரூபாய்க்கு 4.85 கிராம். வெட்டுப்பட்டது எடை குறையும், இது குறையாது. இங்கே விலையைத் தீர்மானிப்பது ஆண்டும், அதன் கீழே எந்த நாணயச்சாலை என்று காட்டும் குறியும். பாதிக்குப் பாதி விலகியும் ஆண்டும், ஹைதராபாத்தின் நட்சத்திரமோ நொய்டாவின் புள்ளியோ தெரிந்தால் அதுதான் மேல். ஐந்து சதவீத விலகலை விட்டுவிடலாம்.

அப்புறம், 'எழுத்து இரட்டையாக இருக்கிறது' என்று நீட்டப்படும் காசுகள். பெரும்பாலும் அடித்த கணத்தில் டை அசைந்ததால் வந்த, படிக்கட்டு போன்ற தட்டையான தடம்தான் அது. எழுத்து அகலமாவதற்குப் பதில் மெலிந்திருக்கும். டையிலேயே இரட்டித்திருந்தால் இரண்டு உருவமும் மேடாக, முனைகளில் பிளவோடு நிற்கும். 1955 அமெரிக்க ஒரு சென்டில் ஒரு பகுதி அப்படிப்பட்டது. சுமார் 20,000 காசுகள் வெளியே போயும் இன்றும் நல்ல விலை, ஏனென்றால் அதற்கென்று பட்டியலில் பெயர் உண்டு, தேடி வருகிறவர்களும் உண்டு. இரட்டிப்பு இல்லையென்றாலும், ஆண்டே இல்லாமல் வெளிவந்த 2008 பிரிட்டன் 20 பென்ஸுக்கும் அப்படியொரு பெயர் உண்டு. நம் ஊரில் ஒற்றைக் காசாகக் கிடைக்கும் எரருக்கு அந்த வசதி இல்லை. அதனால் விற்கிறவர் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, அதே வகை ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள்.

எதை வாங்கினாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.