அல்சூர் ஜிம்: நாலு மாதத்தில் 3 கிலோ

பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் மாடியில் இருக்கும் இந்தச் சின்ன ஜிம்முக்கு நாலு மாதமாகப் போகிறேன், எடை 3 கிலோதான் குறைந்திருக்கிறது, இரண்டாம் மாதம் முள் அசையவே இல்லை, நின்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அங்கே இருக்கும் பயிற்சியாளர் தம்பி எடை மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினார். 5 சென்டிமீட்டர் குறைவு! "உடம்பில் ஒரு கிராம் கிளைகோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை, சேர்ந்தால் கூடவே 3 கிராம் அளவுக்குத் தண்ணீரும் சேரும்க்கா, ஒரு நாள் எடை ஏறினால் அது கொழுப்பு இல்லை" என்றார். அப்புறம்தான் நிம்மதி. முன்பு சேர்ந்த இடத்தில் மாதம் 10 கிலோ என்று சொல்லி பவுடர் டப்பாவை என் தலையில் கட்டினார்கள், இங்கே அந்தப் பேச்சே கிடையாது. மாலையில் டிரெட்மில் கிடைக்காது, காலை 6 மணிக்கே போய்விடுங்கள். மாதம் 1,200 ரூபாய், தாராளமாகக் கொடுக்கலாம்.