"ஹோம் ஸ்டுடியோ ஃபுல் செட்" வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), ஹெட்ஃபோன், ஸ்டாண்ட், ஃபோம் ஷீட், சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் சேர்த்து "ஃபுல் செட்" என்று ஆன்லைனில் விற்ற ஒருவரிடம் வாங்கி நன்றாக மாட்டிக்கொண்டேன். பெயர் சொல்லப்போவதில்லை, சொல்லியும் பிரயோசனமில்லை, இதே படங்களையும் இதே வாசகங்களையும் வைத்து வேறு வேறு பெயர்களில் விற்பனைப் பக்கங்கள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. ஆளைவிட அவர்கள் செய்யும் வித்தையைத் தெரிந்துகொண்டால் நல்லது.

செட்டில் ஒரே ஒரு பொருள் எல்லோருக்கும் தெரிந்த பிராண்டாக இருக்கும். அந்தப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் "ப்ரொஃபெஷனல் காண்டென்சர் மைக்", "24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் இன்டர்ஃபேஸ்" என்று பொதுவாக எழுதிவிடுவார்கள். மாடல் எண் எங்கேயும் இருக்காது, அதனால் யாராவது பிரித்துப் பார்த்துச் சோதித்திருக்கிறார்களா என்று தேடவும் முடியாது. எனக்கு வந்த செட்டில் அந்த ஒரு பொருள் ஹெட்ஃபோன். அது அசல்தான், இன்றுவரை குறை சொல்ல முடியாது. அதைப் போட்டுக் கேட்டுத்தான் மற்றவை எல்லாம் எவ்வளவு மோசம் என்றே தெரிந்தது.

முதலில் மைக். வெளியே பார்த்தால் பெரிய ஸ்டுடியோவில் தொங்குகிற மைக் மாதிரியே தடிமனான உடம்பு, பெரிய வலைக்கூண்டு. "லார்ஜ் டயஃப்ரம்" என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. அந்த வகை மைக்கில் டயஃப்ரம், அதாவது ஒலி பட்டு அதிரும் மெல்லிய சவ்வு, சுமார் ஒரு அங்குல அகலம் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்து வலைக்குள் பார்த்தால், இதில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு எலெக்ட்ரெட் கேப்ஸ்யூல் (நிரந்தர மின்னூட்டம் கொண்ட, ஒலி வாங்கும் பகுதி), சுற்றிலும் வெறும் காற்று. எலெக்ட்ரெட் என்றாலே மட்டம் என்று சொல்லவில்லை, 1962இல் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்ட்டும் உருவாக்கிய அந்த முறையில் நல்ல மைக்குகளும் உண்டு. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்றதுதான் மோசடி. கூடவே கொடுத்த கேபிளையும் கவனியுங்கள்: ஒரு முனை எக்ஸ்எல்ஆர் (ஸ்டுடியோ மைக்குகளின் மூன்று பின் இணைப்பு), மறுமுனை 3.5 மில்லிமீட்டர் பின் என்றால், கம்ப்யூட்டரின் மைக் ஜாக்கில் வரும் சில வோல்ட்டிலேயே அந்த மைக் ஓடிவிடும் என்று அர்த்தம்.

இந்தச் சில வோல்ட் விஷயத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஸ்டுடியோ காண்டென்சர் மைக்குக்கு வேண்டிய மின்சாரம் தர இன்டர்ஃபேஸில் "48 வோல்ட்" என்று ஒரு பட்டன், அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும், மைக்கும் வேலை செய்யும். சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நண்பர் ஒருவர் தன்னுடைய நல்ல காண்டென்சர் மைக்கைக் கொண்டுவந்து மாட்டியபோது சத்தம் மெலிந்து, கொஞ்சம் உரக்கப் பாடினாலே கரகரத்தது. அவரே மல்டிமீட்டரை எடுத்து எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டில் பின் 1க்கும் பின் 2க்கும் நடுவே வைத்துப் பார்த்தார். எதையும் மாட்டாத நிலையில் 44லிருந்து 52 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும், அதுதான் தரநிலை. எங்களுக்குக் காட்டியது அதில் பாதிகூட இல்லை. பின் 3க்கும் அதே கதை. அதாவது, குறைந்த வோல்ட்டில் ஓடும் மைக்கைக் கூடவே கொடுத்துவிட்டதால் இன்டர்ஃபேஸில் வோல்ட் வராதது வெளியே தெரியவே இல்லை. தனித்தனியாக வாங்கியிருந்தால் முதல் நாளே பல்லிளித்திருக்கும். செட்டாக விற்பதன் ரகசியமே இதுதான், ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைத்துக்கொள்ளும்.

192 கிலோஹெர்ட்ஸ் கதை இன்னும் சுலபம். இங்கே கிலோஹெர்ட்ஸ் என்பது ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்பது, பிட் என்பது ஒவ்வொரு அளவும் எவ்வளவு நுணுக்கம் என்பது. விண்டோஸில் சவுண்ட் செட்டிங்ஸுக்குள் போய் அந்தக் கருவியின் ஃபார்மட் பட்டியலைப் பாருங்கள், மேக் என்றால் ஆடியோ மிடி செட்டப். என்னுடையதில் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை. வீட்டில் பாட்டு ரெக்கார்ட் பண்ண 192 தேவையே இல்லை என்பது வேறு விஷயம், சிடி காலத்து 44.1 கிலோஹெர்ட்ஸே காது கேட்கும் எல்லையைத் தாராளமாகத் தொட்டுவிடும். ஆனால் 24 பிட் தேவை. அது இருந்தால் லெவலைக் குறைவாக வைத்து நிம்மதியாகப் பாடலாம், சட்டென்று உச்சஸ்தாயிக்குப் போனாலும் கிளிப் ஆகாது (ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்காது), பிறகு ஏற்றிக்கொள்ளும்போது இரைச்சல் பெரிதாக எழும்பாது. வேண்டாத எண்ணைப் பொய்யாகப் போட்டு, வேண்டிய எண்ணைக் கொடுக்காமல் விட்டார்கள்.

அப்புறம் டிரைவர், கருவியைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் சாஃப்ட்வேர். "எங்கள் ஸ்பெஷல் டிரைவர்" என்று அனுப்பிய லிங்கில் இருந்தது ஏசியோ4ஆல், யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடியது. அது உபயோகமான சாஃப்ட்வேர்தான், ஆனால் எந்தக் கருவிக்கும் பொதுவான ஒட்டுப்பாலம், இந்தக் கருவிக்கென்று எழுதிய டிரைவர் இல்லை. பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலித் துண்டின் அளவை) 256 சாம்பிளில் வைத்தால் தாமதம் ஒரு வழிக்கு 6 மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிட வேண்டும். எனக்கு அங்கே படபடவென்று வெடிப்புச் சத்தம், 1024க்கு ஏற்றினால்தான் நின்றது. 1024 என்றால் ஒரு வழிக்கே சுமார் 23 மில்லிசெகண்ட், போய் வர அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். நம் குரலே எதிரொலி மாதிரி பின்னால் வந்தால் எப்படித் தாளத்தில் பாடுவது?

விற்றவரிடம் போனில் கேட்டேன். "தம்பி, உங்க சிஸ்டம் ஸ்லோ. ரேம் போடுங்க." இன்னொருவரின் புத்தம்புது லேப்டாப்பிலும் அதே சத்தம்தான் என்றேன். "அப்போ உங்க வீட்டு கரண்ட் சரியில்ல தம்பி." பேட்டரியில்தான் சார் ஓடுகிறது என்றதும் லைன் கட்.

சாஃப்ட்வேர் பக்கம் போனால் இன்னும் வயிற்றெரிச்சல். பாட்டு உருவாக்கும் சாஃப்ட்வேரான எஃப்எல் ஸ்டுடியோவுக்கு "லைஃப்டைம் லைசென்ஸ்", கூடவே அதில் சேர்த்துக்கொள்ளும் ப்ளக்இன் ஒரு மூட்டை என்று சொல்லித்தான் விற்றார். வந்தது ஒரு பென்டிரைவும் ஒரு குறிப்பும்: ஆன்டிவைரஸை ஆஃப் செய்யுங்கள், நெட்டைத் துண்டித்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள், அப்டேட் எப்போதும் கொடுக்காதீர்கள். எஃப்எல் ஸ்டுடியோவைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு அப்டேட் வாழ்நாள் முழுக்க இலவசம், அந்த நிறுவனத்தின் பெரிய விளம்பரமே அதுதான். அப்படியிருக்க, அப்டேட் செய்யாதே என்று ஒருவர் சொன்னால் அது கிராக் (பூட்டை உடைத்த கள்ளப் பிரதி) என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. லைசென்ஸ் கேட்டால் சீரியல் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், நம் மின்னஞ்சலில், நம் பெயரில் உள்ள கணக்கில் அது பதிவாகி இருக்க வேண்டும்.

அதோடு "ரெடிமேட் வோக்கல் டெம்ப்ளேட்" என்று ஒரு ப்ராஜெக்ட் ஃபைலும் இருந்தது. திறந்து பார்த்தால் மைக் ட்ராக்கில் நாய்ஸ் கேட் (சத்தம் குறைந்ததும் ஒலியை அடைத்துவிடும் வசதி) போட்டு வைத்திருக்கிறார்கள். பாடாத நேரத்தில் மயான அமைதி, அதனால் இன்டர்ஃபேஸில் மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப்பின் "உஸ்ஸ்" காதில் விழாது. கேட்டை எடுத்துவிட்டுக் கேளுங்கள், மழை பெய்கிற மாதிரி இருக்கும். மறுபடியும் அதே ஒட்டு வேலை.

கிராக்கை அழித்துவிட்டு அதிகாரப்பூர்வ டிரையலைப் போட்டேன். அதில் சேமித்த ப்ராஜெக்டுகளைத் திரும்பத் திறக்க முடியாது, வாங்கிப் பதிவு செய்த பிறகுதான் திறக்கும். டிரையலில் செய்துவைத்த மெட்டுகள் எல்லாம் உள்ளேயே சிறைப்பட்டுவிட்டன. வாங்கப் போகிறவர்கள் பதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஆகக் குறைந்த விலைப் பதிப்பான ஃப்ரூட்டியில் மைக்கில் பாடி ஆடியோ ரெக்கார்ட் பண்ணும் வசதி கிடையாது, அதற்கு ப்ரொட்யூசர் பதிப்பு வேண்டும். அவசரமில்லை என்றால் ரீப்பர் என்ற இன்னொரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை 60 நாள் எந்த வசதியும் குறையாமல் பயன்படுத்திப் பார்க்கலாம், மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். தொடங்குவதற்குக் கள்ள மூட்டை தேவையே இல்லை.

ஃபோம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. "சவுண்ட்ப்ரூஃப்" என்று எழுதியிருந்தது, ஒரு அங்குலத் தடிமன்கூட இல்லை. அது அறைக்குள் உயர் ஒலிகளின் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டரை நெருங்கும், இந்த ஃபோம் அதை என்ன செய்துவிடும்? தெருச் சத்தம் அப்படியே வருகிறது.

திருப்பி அனுப்புகிறேன் என்றதற்கு "பெட்டியைப் பிரிச்சுட்டீங்களே" என்றார்கள். பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது என்று கேட்டால் பதில் இல்லை. பில்லில் "ஆடியோ செட், எண்ணிக்கை 1" என்று மட்டும் போட்டிருந்ததால் வாரன்டியும் கேட்க முடியவில்லை, எந்தப் பொருளுக்கு என்று சொல்வது? பணம் கட்டும் முன்பே ஒவ்வொன்றின் மாடலும் சீரியல் எண்ணும் பில்லில் தனித்தனி வரியாக வரும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் தகராறு பதிவு செய்தேன். மல்டிமீட்டர் படமும், ஃபார்மட் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டும், விளம்பரத்தில் 24 பிட் 192 என்று இருந்த பக்கமும்தான் அங்கே எடுபட்டன. சத்தம் சரியில்லை என்று நான் எழுதிய நீளமான கதையை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஒரு பகுதிப் பணம் திரும்பியது, மீதிக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

போன வாரம் அதே செட் வேறு பெயரில் கண்ணில் பட்டது. மைக்கின் நிறம் மட்டும் மாறியிருக்கிறது. இன்டர்ஃபேஸின் பின்பக்கத்தையும் அடியில் உள்ள லேபிளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். மெசேஜைப் பார்த்துவிட்டு பிளாக் செய்துவிட்டார்கள்.