காரைக்குடித் தையற்கடை ஒன்றும் என் ஓராண்டுச் சிகிச்சையும்

காரைக்குடியில் கொப்புடையம்மன் கோவிலிலிருந்து நடந்துபோகும் தொலைவில், பழைய வீடொன்றின் முன்கட்டில் நடக்கும் தையற்கடையைப் பற்றி எழுதுகிறேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நடத்துகிற அக்காவும் தம் பெயரைப் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கான துணிகளை மாதத்துக்கு நான்கைந்து பேருக்கு மேல் தைத்துத் தர அவரால் இயலாது. கோவில் பக்கத்தில் ரவிக்கைத் துணி விற்கும் கடைகளில் விசாரித்தால் வழி சொல்வார்கள். வர இயலாத வெளியூர்க்காரர்கள் இதைத் தங்கள் ஊர்த் தையல்காரரிடம் படித்துக் காட்டினாலும் பாதி வேலை நடந்துவிடும் என்பதால், அளவுகளையும் விலைகளையும் கூடியவரை சொல்லியிருக்கிறேன்.

2023 ஆகஸ்டில் எனக்கு இடப்பக்க மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது எனக்கு வயது 34, மகனுக்கு எட்டு, மகளுக்கு நான்கு. மகள் பால் மறந்து ஒன்றரை ஆண்டாகியும் கட்டியைப் பால்கட்டு என்றே நானும் நினைத்தேன், முதலில் காட்டிய இடத்திலும் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். அதில் நான்கு மாதம் போயிற்று. திசுப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்தபோது கட்டி ஆறு சென்டிமீட்டரைத் தாண்டி, அக்குள் நெறிக்கட்டிகளுக்கும் பரவியிருந்தது. வேறு உறுப்புகளுக்குப் போகவில்லை. மூன்றாம் நிலை என்றும், முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை, அதன்பின் கதிர்வீச்சு, கடைசியில் பல ஆண்டுகளுக்கு ஹார்மோன் மாத்திரை என்றும் மருத்துவர் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார்.

பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கே போய்விடலாம், பல்லவன் ரயிலில் ஏறினால் சென்னைதானே என்று என் அம்மா சொன்னார். ஆனால் அந்தத் தாளில் மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு கீமோவும், அதன்பின் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டும் இருந்தன. இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு அத்தனை முறை சென்னைக்குப் போய்வருவது நடவாத காரியமாகத் தோன்றியதால், காலையில் கிளம்பித் திருப்பத்தூர், மேலூர் வழியாகப் போய் இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய மதுரையைத் தேர்ந்தெடுத்தோம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை மருத்துவமனைச் செலவில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொண்டது. உடம்பில் என்ன உடுத்துவது என்பதை மட்டும் யாரும் பார்த்துக்கொள்ளவில்லை.

முதல் கீமோவுக்கு முன் வலப்பக்கக் காரையெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் கீமோ போர்ட் வைத்தார்கள். கையில் நரம்பு தேடிக் குத்துவதற்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் ஊசியை அந்தச் சின்ன வட்டில் ஏற்றுவார்கள். சாதாரண நைட்டியின் கழுத்து அந்த இடம்வரை விலகாது. சுடிதாரோ மேலே இறுக்கும். ஆண்களும் பெண்களுமாகப் பத்துப் பேர் சாய்வு நாற்காலியில் இருக்கும் அறையில், நான்கு விரல் அகலத் தோலைக் காட்டுவதற்காக நான் தோளிலிருந்து நெஞ்சுவரை திறந்துகொண்டு ஐந்து மணி நேரம் துண்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் கீமோவுக்கு முந்தைய வாரம் என் நாத்தனார் இந்தக் கடையைக் கேள்விப்பட்டு அழைத்துப் போனார்.

அக்கா அளவு எடுக்கும் முன் கேட்ட முதல் கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. "பிள்ளை எந்தப் பக்கம் சாஞ்சு படுக்கும் ஆத்தா?" என்றார். மகள் படுப்பது வலப்பக்கம், அதாவது போர்ட் இருக்கும் பக்கம். அவள் தலை பட்டுவிடுமோ என்ற பயத்தில் அவளைப் பத்து நாளாக அப்பத்தாவுடன் படுக்கச் சொல்லியிருந்தேன்; அவளும் எதற்கென்று புரியாமல் தினமும் அழுதுகொண்டே தூங்கினாள். இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மருத்துவரிடம் கேட்கும் அளவுக்கு இது பெரிய விஷயமாகவும் எனக்குத் தோன்றவில்லை.

அவர் தைத்துத் தந்த நைட்டியில் வலப்புறக் கழுத்தோரத்திலிருந்து சாய்வாக ஏழு அங்குலத் திறப்பு இருந்தது. ஜிப் வைத்தால் குளிர்ந்து குத்தும், மூடும்போது குழாயைக் கடிக்கும் என்று சொல்லி, அழுத்தினால் ஒட்டும் பட்டன்களை வைத்திருந்தார். பட்டன்கள் போர்ட்டுக்கு நேர் மேலே வராமல் தோள் பக்கமாகத் தள்ளியிருந்தன. திறப்பை மூடும் மடிப்புக்குள் மெல்லிய பஞ்சுப் பட்டை ஒன்று தைக்கப்பட்டிருந்தது. தையற்கூலி 450 ரூபாய், துணி நம்முடையது. அடுத்த முறை செவிலியர் இரண்டு பட்டனைத் திறந்து ஊசியேற்றி, மிச்சத்தை மூடிவிட்டார். அன்றிரவு மகள் திரும்பவும் என் வலப்பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள். இந்த ஒரு துணிக்காகவே கடைக்கு முழு மதிப்பெண்ணும் தருவேன்.

தொப்பிகளைப் பற்றி அவ்வளவு சொல்ல முடியாது. முதல் நான்கு கீமோவில் ஏற்றும் சிவப்பு நிற மருந்து தொடங்கிய மூன்றாம் வாரத்தில் தலைமுடி கொத்துக்கொத்தாக வந்துவிட்டது. அக்கா தைத்த பருத்தித் தொப்பி ஒன்று 80 ரூபாய். உள்பக்கம் தையல் விளிம்பு இல்லாமல் நன்றாகவே இருந்தது, ஆனால் மூன்று நான்கு துவைப்பில் தளர்ந்து கண்ணில் இறங்கியது. மகள் தன் பொம்மைக்கும் ஒன்று வேண்டுமென்று கடையிலேயே அடம்பிடித்தாள். வெட்டிப்போட்ட துண்டில்தான் தைத்தார் என்றாலும் அதற்கும் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். இதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஓராண்டில் ஊரெல்லாம் என்னைப் பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என்னிடம் கணக்காகக் காசு வாங்கியவர்களிடம் பேசுவது இலேசாக இருந்தது. அதன்பின் மகள், 'பொம்மைக்கும் ஊசி போட்டதால் முடி போயிருச்சு, ஆனா வளரும்' என்று வருகிறவர்களிடமெல்லாம் விளக்கத் தொடங்கினாள். அவளுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான், அது உண்மையும்கூட. மகனுக்கு நோயின் பெயரையே சொன்னோம். கீமோவுக்குப் பின் இரண்டாம் வாரத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் என்பதால், பள்ளியிலிருந்து வந்ததும் கைகால் கழுவி உடை மாற்றிய பிறகே வளவுக்குள் வருவதை அவனாகவே வழக்கமாக்கிக்கொண்டான்.

2024 மார்ச்சில் அறுவை நடந்தது. இடப்பக்க மார்பையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டு, கசியும் நீர் வடிவதற்காக இரண்டு குழாய்களை விலாப்பக்கம் விட்டிருந்தார்கள். குழாயின் முனையில் தொங்கும் குடுவைகளோடுதான் வீட்டுக்கு வர வேண்டும். எனக்குப் பன்னிரண்டு நாள் இருந்தன. அவற்றை நைட்டியில் ஊக்கு குத்தி மாட்டிக்கொள்வதே பொது வழக்கம், எழும்போது மறந்தால் இழுத்துவிடும். அக்கா இதற்கு நம் பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையின் மாதிரியில் இரண்டு அறை வைத்த பை ஒன்றைத் தைத்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள அகலமான நாடா போட்டுத் தந்தார். நாடா கழுத்தை அறுக்காது, குடுவை வெளியே தெரியாது. வடிந்த அளவைப் பார்ப்பதற்குப் பையைத் திறந்தால் போதும். விலை நூறு ரூபாய். கூடவே அக்குளுக்குள் வைத்துப் படுக்கச் சிறிய இலவம்பஞ்சுத் தலையணையும் கொடுத்தார். சுருக்குப்பையைக் கண்ட மகன், "ஆயா மாதிரி காசு வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டான். சிரித்தால் தையல் இழுக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

குறை சொல்ல வேண்டுமானால் நேரந்தவறுதலைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பிப்ரவரி தொடக்கத்தில் கொடுத்த வேலையை அறுவைக்கு முந்தைய மாலைதான் கொடுத்தார். என் கணவர் அதை வாங்குவதற்காகவே மதுரையிலிருந்து ஊருக்கு வந்து திரும்பினார். அளவு எடுக்கும் இடமும் சரியில்லை. திரைக்கு அப்பால் தெருத்திண்ணை இருக்கிறது, யாராவது கூப்பிட்டால் அக்கா திரையை விலக்கிக்கொண்டு பதில் சொல்வார். மார்பில்லாத பக்கத்தை இன்னும் கணவருக்கே காட்டத் தொடங்காத நாள்களில் அது எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. துணைக்கு ஒருவரை அழைத்துச் சென்று திரையருகே நிறுத்துவது நல்லது.

மே மாதக் கத்தரி வெயிலில் பதினைந்து நாள் கதிர்வீச்சு நடந்தது. அந்தக் காலத்துக்கு இந்தக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. தோல் கருத்து எரியும். அதன்மேல் புதுத்துணியின் கஞ்சியும் சாயமும் ஆகாது. கதிர் படும் இடத்தைக் குறிக்க உடம்பில் போடும் மைக்கோடுகள் எப்படியும் துணியில் ஒட்டும் என்பதால், கணவரின் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து அம்மா தைத்த தளர்ந்த மேல்சட்டைகளே எனக்குப் போதுமாக இருந்தன.

தோல் ஆறியபின் ஆகஸ்டில் மாற்று மார்புக்கு வந்தேன். மதுரையில் 7,200 ரூபாய்க்கு வாங்கிய சிலிக்கோன் உறுப்பு எடையிலும் வடிவிலும் நன்றாகவே இருக்கிறது, தோள்கள் சமமாக நிற்கின்றன, விழாக்களுக்கு அதைத்தான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் நம் ஊர் வெக்கையில் அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்றால் அதன் அடியில் வியர்த்துத் தோல் வெந்துபோகிறது. வீட்டுக்கு அக்காவின் துணித்திண்டுதான். 350 ரூபாய்க்கு இரண்டு தருவார்: மேலே இலவம்பஞ்சு, அடியில் எடைக்காகத் தனிப் பையில் கடுகு. பஞ்சு மட்டும் இருந்தால் இலேசாகி மேலேறிவிடும், எடை இருந்தால் இடத்தில் நிற்கும். இதை வைக்க ரவிக்கையின் உள்ளே இடப்பக்கம் மேல்பக்கம் திறந்த பை ஒன்றைத் தைக்கிறார். ரவிக்கைக் கூலி 300 ரூபாய்.

அந்தக் கடுகால் ஒரு கூத்து நடந்தது. திண்டைத் துவைக்கும்போது கடுகுப் பையை வெளியே எடுத்துவிட வேண்டுமென்று அக்கா சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அத்தை நல்லெண்ணத்தில் அப்படியே அலசி முற்றத்து நிழலில் உலர்த்தினார். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் துணியைத் துளைத்துக்கொண்டு முளை வந்திருந்தது. வீட்டில் எல்லோரும் என்னைப் பார்க்கவும் தயங்கி, சிரிப்பையும் அடக்க முடியாமல் நின்றார்கள். மகன்தான் அதை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஊன்றி வைத்தான். அக்காவிடம் கொண்டுபோனபோது கூலி வாங்காமல் கடுகுக்குப் பதில் கண்ணாடிப் பாசிமணிகளை வைத்துத் தந்தார். இப்போது வாங்குகிறவர்கள் முதலிலேயே பாசிமணி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக எச்சரிக்க வேண்டும். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்கக்கூடும். அதற்கு மணிக்கட்டிலிருந்து மேற்கைவரை வரும், அழுத்தம் தரும் கையுறை ஒன்றைப் போடச் சொல்வார்கள். எலாஸ்டிக் வைத்துத் தானே தைத்துத் தருவதாக அக்கா சொன்னார், விலையும் கால்பங்குதான். ஆனால் அந்தக் கையுறையின் அழுத்தம் மணிக்கட்டில் கூடுதலாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். தவறினால் வீக்கம் கூடும் என்று உடலியக்க மருத்துவர் சொல்லிவிட்டார். அதை மருத்துவமனையில் அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். ரவிக்கைக் கையையும் அந்தப் பக்கம் மட்டும் அரை அங்குலம் தளர்வாகத் தைக்கும்படி நீங்களே சொல்லுங்கள். அழகுக்காக இறுக்கித் தைப்பது அவருடைய பழைய பழக்கம். நான் கேட்காமலே அவர் செய்த ஒன்றும் உண்டு. இடக்கையில் ரத்த அழுத்தமும் ஊசியும் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மருத்துவமனைக்கு உடுத்தும் நைட்டிகளின் இடக்கையில் மட்டும் சிவப்புக் கரை வைத்துவிட்டார்.

கடை பதினொரு மணிக்கு மேல்தான் திறக்கும், வெள்ளிக்கிழமை மாலையில் அக்கா கோவிலுக்குப் போய்விடுவார். பில் தருவதில்லை. குழந்தைகளை அழைத்துப் போகலாம். இயந்திரத்துக்கு அடியில் பட்டன் டப்பா ஒன்று அவர்களுக்கென்றே இருக்கிறது. தருவதாக அக்கா சொன்ன நாளுக்கு மேல் இரண்டு வாரம் கூட்டிக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு உடுத்தக் கண்டாங்கிச் சேலையோடு கார்த்திகையில் நான் கொடுத்த ரவிக்கைத் துணி இதை எழுதும்வரை வெட்டப்படவில்லை.